மானிட்டருக்கு வாய் கிடையாது

என் மேசைமேல் ஒரு ஒயர் கிடக்கிறது. ஒரு முனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று முளைகள். மறு முனையில் கம்ப்யூட்டர் மானிட்டரின் முதுகில் செருகுகிற, ஊசி ஊசியாகப் பல் வைத்த அகலப் பின். காலையிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது. இந்த முனையும் பொருந்தும், அந்த முனையும் பொருந்தும். நடுவில்தான் ஒன்றுமே நடக்காது. பொருந்தாத பொருளை விற்றால் ஏமாற்று என்று உடனே தெரிந்துவிடும். பொருந்துகிற மாதிரிச் செய்து விற்கிறார்களே, அந்த அயோக்கியத்தனத்துக்கு என்ன பெயர்? நீ இருந்தால் சொல்லியிருப்பாய். அச்சில் ஏற்ற முடியாத பெயராக இருந்திருக்கும். ஆனால் சரியான பெயராக இருந்திருக்கும்.

நான் லேசில் கோபப்படுகிறவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தே ஆயுசைக் கழித்தவன். அமிலத்தையும் காரத்தையும் மாற்றி ஊற்றினால்கூட, “சரி, இப்ப என்ன ஆச்சுன்னு பாரு” என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது இந்த வயதில் கடை கடையாகப் போய்ச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். காரணம் நீதான்.

கோபம் இந்த ஒயரில் தொடங்கவில்லை. நீ போன மறுநாள் சிவகாசியில் உன் தெருமுனையில் கட்டினார்களே ஒரு ஃபிளெக்ஸ், அதில் தொடங்கியது. உன் படம், சுற்றிலும் மலர்வளையம், கீழே கொட்டை எழுத்தில்: “அமைதியே உருவான எங்கள் குடும்பத் தலைவர்.” நான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். வேறு யார் வீட்டுக் கண்ணீரஞ்சலியோ என்று நினைத்தேன். அப்புறம் மறுபடியும் படத்தைப் பார்த்தேன். நீதான்.

அமைதியா? நீயா?

அச்சாபீஸில் நாலு கலர் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே நின்று ஆயுசு முழுக்கப் பேசியவன் நீ. காலண்டர் சீசனில் மிஷின் நிற்காது. நீயும் நிற்க மாட்டாய். அந்தத் தொண்டையை அப்படியே வீட்டுக்குக் கொண்டு வருவாய். நீ தண்ணீர் கேட்டால் எதிர்வீட்டிலிருந்தும் செம்பு வரும். ஒரு நாள் என்னைப் பார்க்க விருதுநகருக்கு வந்து, பள்ளிக்கூட வாசலில் நின்று “ஏலே வாத்தியாரே!” என்று ஒரே ஒரு குரல் விட்டாய். என் வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது. இன்ஸ்பெக்‌ஷனுக்கு அதிகாரி வந்துவிட்டார் என்று தலைமையாசிரியர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார். அச்சடித்த தாளை வெயிலில் பிடித்துப் பார்த்து, “சுமாரா இருக்குன்னா தப்பா இருக்குன்னு அர்த்தம்லே” என்று நீ போடுகிற சத்தத்தில் அடுத்த பிரஸ்காரன் தன் தாளை எடுத்துப் பார்ப்பான் என்று சொல்வார்கள். அந்த உன்னை, அமைதியே உருவானவர் என்று போட்டிருந்தார்கள்.

உன் மகன் செல்வத்திடம் கேட்டேன்.

“ஃபிளெக்ஸ் அடிக்கிற எடத்துல சாம்பிள் வச்சிருந்தாக மாமா. அதுல மூணாவது நல்லா இருந்துச்சு. அதான் போட்டோம்.”

“நாலாவது என்ன?”

“வள்ளல் குணம் கொண்ட வாழும் தெய்வம்னு இருந்துச்சு. அது ஜாஸ்தியாப் பட்டுச்சு.”

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 

உன் அமைதி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியாதா? மதுரை ஆஸ்பத்திரியில் உன் தொண்டையை அறுத்து எடுத்ததில் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் நீ டம்ளரைத் தட்டினாய், கையைத் தட்டினாய், கோபம் வந்தால் கதவைத் தட்டினாய். வாயைத் திறந்து திறந்து மூடுவாய், காற்றுதான் வரும். நீ புது வீட்டுக்குக் குடிபோனதும் அந்தச் சமயத்தில்தான். அக்கம்பக்கத்தில் எல்லாரும் புதியவர்கள். அவர்களுக்கு நீ சத்தமே போடாத ஒரு பெரியவர். “அதிர்ந்து பேச மாட்டாக” என்று துக்கம் கேட்க வந்த ஒரு அம்மாள் என்னிடமே சொன்னார். ஒரு மனிதனின் குரலை நோய் பிடுங்கிக்கொள்கிறது. அப்புறம் ஊர் கூடி, பேசாமல் இருந்தார், எவ்வளவு நல்லவர் என்று மாலை போடுகிறது. திருட்டுக் கொடுத்தவனைப் பார்த்து, ஆசையே இல்லாத மனுஷன் என்று பாராட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஊர் சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆடி முடிந்து ஒரு நாள் உன் வீட்டுக்குப் போயிருந்தபோது, உன் மனைவி பாக்கியம் காப்பியை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்:

“அண்ணாச்சி, அவுக கொரலு வர மாட்டேங்குது.”

“என்னம்மா சொல்ற?”

“கண்ண மூடுனா மொகம் வருது. நடை வருது. துண்ட ஒதறிப் போடுறது வருது. கொரலு மட்டும் வர மாட்டேங்குது. அம்புட்டுச் சத்தம் போட்ட மனுசன். எனக்கே மறந்து போச்சு. டம்ளரு தட்டுறதுதான் காதுல கேக்குது. இந்த ஃபிளெக்ஸ்ல போட்ட மாதிரியே ஆகிப்போயிருமோன்னு பயமா இருக்கு.”

செல்வத்தின் போனில் உன் வீடியோக்கள் இருக்கின்றன. எல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு எடுத்தவை. அதற்கு முன்னால் வீட்டில் இருந்தது பொத்தான் போன். நீ பேசுகிற படம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. செல்வத்தின் கல்யாண வீடியோ கேசட். அதைப் போட்டுக்காட்ட உன் பழைய டெக்கும் பரணில் இருந்தது. முதலாமாண்டு நினைவு நாளுக்குள் பாக்கியத்துக்கு உன் குரலைக் கேட்கவைத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். வாய்விட்டுச் சொல்லியாகிவிட்டது. இவ்வளவு சுலபமான காரியத்தில் இத்தனை பேர் குறுக்கே வந்து படுப்பார்கள் என்று நினைக்கவில்லை.

டெக்கில் ஒரு குறையும் இல்லை. பாலித்தீன் உறையைப் பிரித்து, ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, பிளக்கைச் சொருகினேன். பச்சை எண்கள் பளிச்சென்று எரிந்தன. கேசட்டிலும் பூஞ்சை இல்லை. நம் கந்தக பூமியை எல்லாரும் திட்டுகிறார்கள். காலண்டர் மை காய்வதற்கு உதவுகிற அதே காய்ந்த காற்றுதான் உன் மகன் கல்யாணத்தையும் காப்பாற்றி வைத்திருந்தது.

அந்த டெக்கின் முதுகைப் பார்த்ததும் அது வீட்டுக்கு வந்த நாள் ஞாபகம் வந்துவிட்டது. உன் மச்சினர் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தார். இணைத்துக் கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தாய். நான் வருவதற்குள் நீயே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு உறுமிக்கொண்டிருந்தாய்.

“ஏலே வாத்தியாரே, இங்க பாருலே. மஞ்சள் இருக்கு. செவப்பு இருக்கு. வெள்ளைன்னா பேப்பரு, சரி. நீலம் எங்கலே?”

“நீலம் வேண்டியதில்ல. மஞ்சள் மட்டுந்தான் படம். சிவப்பும் வெள்ளையும் சத்தம்.”

“சத்தத்துக்கு ஏதுலே கலரு? முப்பது லட்சம் காலண்டரு அடிச்சவன்ட்ட கத விடுறியா? நீலம் அடிக்காம வானம் எப்படிலே வரும்?”

சொல்லிக்கொண்டே சிவப்பை மஞ்சள் துளையில் செருகினாய். டிவி முழுக்கக் கோடு கோடாகத் துள்ளியது. “பாத்தியா, ரிஜிஸ்டர் வெலகிக் கெடக்கு” என்றாய், நாலு கலர் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்காராத தாளைப் பார்க்கிற அதே முகத்தோடு. பிறகு மச்சினர் பக்கம் திரும்பினாய். “நீல ஒயர ஏரோப்ளேன்லயே விட்டுட்டு வந்து, தெரியாத மாதிரி நிக்கியேப்பா!” அந்த மனுஷன் பாவம், பெட்டியைக் கவிழ்த்துத் தேடினார். நான் ஒழுங்காக இணைத்து, படம் ஓடி, திரையில் நீல வானம் வந்த பிறகும் நீ ஒப்புக்கொள்ளவில்லை. “எங்கயோ ஒளிச்சு வச்சிருக்கான்லே நீலத்த” என்றாய்.

உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இப்படி ஒரு சந்தேகம் வந்திருக்காது.

இப்போதைய கதைக்கு வருகிறேன். செல்வம் புதிதாக வாங்கி மாட்டியிருக்கிற டிவி, சுவரில் ஒட்டிய அப்பளம் மாதிரி இருக்கிறது. பின்னால் தடவித் தடவிப் பார்த்தேன். மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளை எதுவும் இல்லை. டிவி விற்ற கடைக்கே போய்க் கேட்டேன். “அந்த ஓட்டையெல்லாம் கம்பெனிக்காரன் அடைச்சிட்டான் சார். டெக்கெல்லாம் இப்ப யாரு வச்சிருக்கா?” என்றார் கடைக்காரர். நான் வைத்திருக்கிறேன், அதனால்தானே வந்து நிற்கிறேன்? ஒரு வீட்டில் பழைய கதவு ஒன்று இருக்கிறது; அந்த வழியாக வருகிறவர் இன்னும் இருக்கிறார். யாரையும் கேட்காமல் கதவை இடித்துச் சுவர் எழுப்பிவிட்டு, இப்ப யார் சார் அந்த வழியா வர்றா என்று கேட்டால்? அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த குண்டு டிவி இருந்திருந்தால் இந்தப் பாடே இல்லை. அதில் துளைகள் இருந்தன. அது எப்போதோ பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டது.

“மாமா, மதுரைல ஒரு எடத்துல குடுத்தா பென் டிரைவ்ல ஏத்திக் குடுத்துருவாங்க. எதுக்கு நீங்க அலையிறீங்க?” என்றான் செல்வம். நியாயமான பேச்சுதான். ஆனால் பாக்கியம் கேசட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“மதுரைக்குக் கூட்டிட்டுப் போயித்தான் அந்தத் தொண்டையத் தொலைச்சிட்டு வந்தோம். இதயும் அங்கன அனுப்ப மாட்டேன். பாக்குறதுன்னா இந்த வீட்டுல வச்சுப் பாப்போம். இல்லையா, விட்டுருங்க.”

செல்வம் பென் டிரைவ் பேச்சை அத்தோடு விட்டுவிட்டான்.

என் வீட்டில் பழைய கம்ப்யூட்டரின் மானிட்டர் சும்மா இருந்தது. நல்ல திரை. துணியில் சுற்றி, மடியில் வைத்து பஸ்ஸில் சிவகாசிக்குக் கொண்டுபோனேன். வழியில் வாங்கியதுதான் நான் முதலில் சொன்ன ஒயர். “டெக்கயும் மானிட்டரயும் சேக்கணும்” என்றேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார். செருகினேன். மானிட்டரில் ‘சிக்னல் இல்லை’ என்று ஒரு கட்டம் இங்குமங்கும் மிதந்தது. பாக்கியம், செல்வம், நான் மூவரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் கடைக்குப் போனேன்.

“சேரும்னு சொன்னீகளே தம்பி?”

“சேந்துச்சா இல்லையா சார்?”

“சேந்துச்சு. படம் வரலியே.”

“அப்ப ஒங்க மானிட்டர்ல கோளாறா இருக்கும். புதுசு ஒண்ணு எடுத்துருங்க.”

“செருப்பு கடிச்சா கால மாத்தச் சொல்லுவீகளா?”

அவர் சிரித்தார். “சார் வாத்தியாரா இருந்தீகளோ? பிரிச்ச கவர எடுக்க மாட்டோம் சார்.”

வீட்டுக்கு வந்து உட்கார்ந்து இந்த ஒயர் விவகாரத்தைப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கு நீதான் ஞாபகம் வந்தாய். டெக்கிலிருந்து வருகிற மஞ்சள் ஒயர், எல்லா நிறத்தையும் ஒன்றாகக் கலந்து சுருட்டி ஒரே கம்பியில் அனுப்புகிறது. டிவிக்கு அதைப் பிரித்துக்கொள்ளத் தெரியும். கம்ப்யூட்டர் மானிட்டருக்குத் தெரியாது. அதற்குச் சிவப்பு தனியாக, பச்சை தனியாக, நீலம் தனியாக வர வேண்டும். ஆமாம், நீலத்துக்கென்று தனிக் கம்பி! நீ அன்றைக்குத் தேடிய ஒயர் இருக்கத்தான் செய்கிறது. மானிட்டரின் முதுகில் இருக்கிறது. இதை உன்னிடம் சொல்லியிருந்தால் தெருவே கேட்கிற மாதிரி “நான் சொல்லல?” என்று கத்தியிருப்பாய். அப்புறம் ஒரு மாதம் என்னை வாத்தியார் என்றே கூப்பிட்டிருக்க மாட்டாய்.

பாக்கியத்துக்கு இப்படித்தான் விளக்கினேன். “உன் வீட்டுக்காரன் பிரஸ்ல ஒரு படம் வந்தா அப்படியேவா அடிப்பான்? மஞ்சளுக்கு ஒரு பிளேட்டு, நீலத்துக்கு ஒரு பிளேட்டுன்னு கலர் பிரிச்சுத்தானே மிஷின்ல ஏத்துவான்? இங்க கலர் பிரிக்கிற ஆள் இல்லம்மா. வெறும் ஒயரு பிரிக்காது. அதுக்கு நடுவுல ஒரு பெட்டி வேணும்.”

“அத அந்தக் கடைக்காரன் சொல்ல வேண்டாமா?” என்றாள்.

அதைத்தானே நானும் கேட்கிறேன்?

சோப்புக்கட்டி அளவில் அந்தப் பெட்டி ஒருவழியாகக் கிடைத்தது. அதற்குத் தனியாகக் கரண்ட். டெக்கின் மஞ்சள் ஒயர் பெட்டிக்குள், பெட்டியிலிருந்து அகலப் பின் மானிட்டருக்கு. கேசட்டை உள்ளே தள்ளினேன். டெக் அதை விழுங்கி, கொஞ்சம் முனகி, படத்தைக் கொடுத்தது. இதய வடிவத்துக்குள் செல்வம் சுற்றினான். தாமரைப்பூ விரிந்து அதற்குள்ளிருந்து பெண் வந்தாள். பாக்கியம் முந்தானையால் திரையைத் துடைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

நீ வந்தாய். பட்டு வேட்டி, தோளில் துண்டு, மீசை முழுக்கக் கறுப்பு. மணமேடையில் நின்று கையை நீட்டி நீட்டி யாரையோ வேலை வாங்கிக்கொண்டிருந்தாய். வாய் அசைகிறது, அசைகிறது, அசைந்துகொண்டே இருக்கிறது. ஒரு சத்தமும் இல்லை.

மானிட்டருக்கு ஸ்பீக்கர் கிடையாது. அது எனக்குத் தெரியும். முதலில் படம் வரட்டும், சத்தத்தை அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்திருந்தேன். படிப்படியாகப் போகிற வாத்தியார் புத்தி. பாக்கியம் எழுந்துவிட்டாள்.

“இதத்தான ரெண்டு வருசமாப் பாத்தேன் அண்ணாச்சி. வாய் அசையும், சத்தம் வராது. இதுக்கா இம்புட்டுப் பாடு?”

அடுப்படிக்குள் போய்விட்டாள். நான் அந்தத் திரையை அணைக்கவும் முடியாமல் பார்க்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி மாதிரித் துல்லியமாகக் காட்டுகிறவர்கள், ஒரு சின்ன ஸ்பீக்கர் வைக்கக் கூடாதா? படம் தெரிந்தால் போதும், மனுஷன் வந்துவிட்டான் என்று எந்த மேதை முடிவு செய்தான்?

அடுத்த முறை போகும்போது சிவப்பு, வெள்ளை முளைகள் இரண்டையும் ஒரே குச்சிப் பின்னாக ஆக்குகிற ஒயர் ஒன்று கொண்டுபோனேன். செல்வத்திடம் உருண்டையாக ஒரு ஸ்பீக்கர் இருந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு துளை. செருகிவிட்டு, கூப்பிட்டேன். பாக்கியம் வரவில்லை. “கேட்டா வாரேன்” என்றாள், அடுப்படியிலிருந்தே.

சத்தம் வந்தது. சினிமாப் பாட்டு.

முகூர்த்தத்துக்கு ஒரு பாட்டு. மெட்டி போடுவதற்கு ஒரு பாட்டு. சாப்பாட்டுப் பந்திக்கு ஒரு பாட்டு. நாதஸ்வரக்காரர் கன்னம் உப்ப ஊதுகிறார். கேட்பது சினிமாப் பாட்டு. நீ கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாய்; கேட்பது ஒரு பெண் குரல், மழையைப் பற்றிப் பாடுகிறது. அந்தக் காலத்துக் கல்யாண கேசட் எல்லாமே இப்படித்தான், எனக்கு மறந்துபோயிருந்தது. இருந்த சத்தத்தையெல்லாம் எடுத்துவிட்டு மேலே பாட்டைப் பூசிக் கொடுப்பார்கள். நாமும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டோம். உன் தொண்டையை நோய் எடுத்தது பிறகுதான். அதற்கு வெகு காலம் முன்னாலேயே ஒருவர் எடுத்துவிட்டிருக்கிறார்.

அந்த வீடியோக்காரரை விசாரித்துப் பிடித்தேன். சாத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். போனில் சொன்னதுமே கண்டுகொண்டார்.

“அந்தக் கல்யாணமா? மறக்குமா சார்! மாப்பிள்ளையோட அப்பா போட்ட சத்தத்துல மைக்குல வேற ஒண்ணுமே விழல. ஒரே கூச்சலு. அம்புட்டையும் பாட்டப் போட்டு நீட்டா மூடிக் குடுத்தேன்.”

நான் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தரம் பார்த்துவிட்டு மறுபடி வைத்தேன்.

“ஒரு எடம்கூடவா மூடாம விட்டிருக்க மாட்டீக?”

“நம்ம மிக்ஸிங்ல அடிச் சத்தம் ஒழுகாது சார். அதுக்குத்தான ஆளுக நம்மட்ட வந்தாக? பாட்டு மாத்துற எடத்துல வேணும்னா, ஒண்ணு ரெண்டு எடத்துல லேசா ஒழுகியிருக்கும். அதப் போயி இத்தன வருசம் கழிச்சுக் குத்தம் சொல்றீகளே.”

“குத்தம் சொல்லலங்க. ஒழுகியிருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்.”

அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது.

அன்று மத்தியானமே சிவகாசிக்குப் போனேன். பாக்கியம் அடுப்படியில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். செல்வம் முன்ரூமில் போனில் யாரிடமோ டயரி ஆர்டர் பேசிக்கொண்டிருந்தான். நான் பாட்டு பாட்டாகக் கேட்டேன். பாட்டு முடிகிற இடம் வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். முதல் இடைவெளியில் வெறும் இரைச்சல். அடுத்ததில் ஒரு குழந்தை அழுதது. இன்னொன்றில் பாத்திரம் விழுந்த சத்தம். ஒரு இடத்தில் யாரோ “சாம்பாரு” என்றார்கள். ஊரில் இருக்கிற அத்தனை பேரும் ஒழுகியிருக்கிறார்கள், உன்னைத் தவிர. நாடா அறுந்துவிடுமோ என்ற பயம் வேறு.

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் படத்துக்கு நிற்கிறார்கள். பக்கத்தில் நீ. மழைப் பாட்டு முடிந்தது. கர்ரென்று ஒரு இரைச்சல்.

“ஏலே செல்வம்! தலைய நிமுத்துலே! கல்யாணம் ஒனக்கா எனக்கா?”

அடுத்த பாட்டு வந்து விழுந்தது.

நான் நிறுத்தத்தான் கை நீட்டினேன். அதற்குள் முன்ரூமிலிருந்து “இந்தா வந்துட்டேம்ப்பா!” என்று ஒரு குரல். போனைக் கையில் பிடித்தபடி செல்வம் வாசல்படியில் வந்து நின்றான். மீசையெல்லாம் நரைத்த ஆள். தலையை நிமிர்த்தி, முதுகை நேராக்கி நின்றான். தான் என்ன செய்தோம் என்று அப்புறம்தான் அவனுக்கே தெரிந்தது. போனுக்குள் யாரோ “அலோ, அலோ” என்று கத்திக்கொண்டிருந்தார்கள். 

பாக்கியம் கையில் பூண்டுத் தோலோடு வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் நேராகத் திரையைப் பார்த்துப் பேசினாள்.

“நாலு பேரு முன்னால புள்ளய இப்படித்தான் வெரட்டணுமா? கொஞ்சம் நயமாச் சொன்னா கொறைஞ்சா போயிருவீக?”

பிறகு என்னிடம், “திருப்பிப் போடுங்க அண்ணாச்சி.”

திருப்பிப் போட்டேன். நீ மறுபடி அதட்டினாய். “சரி, சரி, நிமுந்துட்டான், விடுங்க” என்றாள். மறுபடி போடச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் உனக்கு ஒரு பதில் வைத்திருந்தாள். இரண்டு வருடம் நீ டம்ளரைத் தட்டியபோதெல்லாம் உன்னோடு சண்டை போட முடியாமல் சேர்த்துவைத்திருந்தது போல. பக்கத்து வீட்டு அம்மாள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, “யாரு வந்திருக்கா?” என்று கேட்டார். “எங்க வீட்டுக்காரவுக” என்றாள் பாக்கியம். “இதான் அவுக சத்தம். நீங்க கேட்டதில்லல்ல?”

செல்வம் அப்புறம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். நினைவு நாள் அட்டைக்கும் அதே மூன்றாவது சாம்பிளைத்தான் கொடுத்திருக்கிறானாம். “அந்த வரிய எடுத்துரலாமா மாமா? பதிலுக்கு என்ன போட?” உள்ளேயிருந்து பாக்கியம் சொன்னாள்: “ஒண்ணும் போட வேண்டாம். பேரப் போடு. எழுத்து மட்டும் பெருசா இருக்கட்டும்.”

பாக்கியம் கேட்கக் கேட்க நானும் கூடவே கேட்டுக்கொண்டிருந்தேனில்லையா, அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். “ஒனக்கா எனக்கா” என்று நீ முடிக்கிறாய். அதற்கும் பாட்டுக்கும் நடுவில், நெஞ்சிலிருந்து ஒன்று கிளம்புகிறது. சிரிப்பு. நீ அதட்டிவிட்டுச் சிரிக்கிறாய். அது தொண்டைக்கு வந்து, வாயைத் தொடுவதற்குள் பாட்டு மேலே விழுந்து மூடிவிடுகிறது. உன் சத்தத்துக்காக ஊரோடு சண்டை போட்டவன் நான். ஆனால் உன் ஒவ்வொரு அதட்டலுக்குப் பின்னாலும் இந்தச் சிரிப்பு இருந்தது எனக்கும் மறந்துபோயிருந்தது. பாக்கியமும் சொல்லவில்லை. அதட்டலைத்தான் நாங்கள் எல்லாரும் பத்திரமாக வைத்திருந்தோம்.

மீதிச் சிரிப்பு எங்கே என்று சாத்தூர்க்காரரிடம் போய்க் கேட்க முடியாது. அவர் நீட்டாக மூடிவிட்டார்.

அன்று சாயங்காலம் விருதுநகருக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பட்டாசு ஆபீஸ் வேன்கள் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தன. நான் பாட்டுக்கு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முன் இருக்கையில் இருந்த இரண்டு பேரும் திரும்பினார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, சத்தமாகச் சிரித்திருக்கிறேன் என்று. உன் சிரிப்பை, அந்தப் பாட்டு வெட்டிய இடத்திலிருந்து.